அக்கரையில் பழுதாகிற படகு

போன சனிக்கிழமை குளக்கட்டில் வைத்து நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னிடம் கேட்டது சின்ன விசயம்தான். றிமோட்டில் ஓடுகிற பாய்ப்படகுக்குப் பையில் என்னென்ன ஆயுதங்கள் வைத்திருக்க வேண்டும், ஓடி முடிந்த பிறகு அதை எப்படிப் பார்க்க வேண்டும், எழுதித் தாருங்கோ என்றீர்கள். பென்சன் எடுத்த கொஞ்சப் பேர் நாங்கள். அதில் பொம்பிளை நான் ஒருத்தி. உங்களுடைய படகுகள் எல்லாம் புதிசு, மாதத்தில் பாதி நாள் பழுது. என்னுடையது பழசு, ஓடுகிறது. அதனால் கேட்டீர்கள். இதெல்லாம் எனக்கு எங்கே பழகியது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கதையை மாற்றியிருப்பேன். எழுத இருந்த பிறகு மாற்ற முடியவில்லை.

"ஆயுதம் எண்டு எழுதாதையுங்கோ மாமி, கருவி எண்டு எழுதுங்கோ" என்கிறார் மருமகன். எங்கள் காலத்தில் தச்சனின் உளியும் ஆயுதம்தான். நான் மாற்றப் போவதில்லை.

முதலில் வேலையை முடித்துவிடுகிறேன். நுனியில் காந்தம் உள்ள சின்ன ஸ்குறூ ட்றைவர் ஒன்று. படகின் வயிற்றுக்குள் ஆணி விழுந்தால் காந்தம் இல்லாமல் எடுக்க மாட்டீர்கள். நுனி நீண்ட குறடு. சின்னதுகளைப் பிடித்தெடுக்கச் சாமணம். பழைய பல் பிறஸ். ஒட்டுகிற ரேப். கயிற்று முடிச்சில் ஒரு சொட்டு விடுவதற்குப் பசை. ஒரு துவாய். ஓடி முடிந்ததும் மூடியைத் திறந்து உள்ளே ஒற்றி எடுத்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம், ஓட்டோவின் பின்சீற்றில் வைக்கவே வேண்டாம். பட்டரியைக் கழற்றுங்கள். பாய்க்கயிறுகளைத் தளர்த்திவிடுங்கள்; இறுக்கியபடி விட்டால் பாய்மரம் வளையும். பாயை மடிக்காமல் சுருட்டுங்கள். படகைத் திருப்புகிற சுக்கானின் தண்டு இறங்குகிற குழாய்க்குள் கொஞ்சம் வாஸ்லின் பூசுங்கள், தண்ணி அதற்குள்ளால்தான் ஏறும். முல்லைத்தீவில் உப்புத் தண்ணிக் களப்பில் விட்டால் நல்ல தண்ணியில் கழுவாமல் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பாய் கிழிந்தால் தைக்க வேண்டாம். ஊசி போன துளை வழியே முத்திரை கிழிகிற மாதிரி மறுபடியும் கிழியும். ரேப் ஒட்டுங்கள்.

தைத்த பிறகும் கிழியாத பாய் ஒன்றைத்தான் நான் கண்டிருக்கிறேன். அது சித்தப்பாவின் படகில் இருந்தது.

எங்கள் வீடு அப்போது ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, குளத்துக்குக் கீழே இருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் அடுத்தடுத்த காணி. இருவருக்கும் இளையவர் சித்தப்பா. கப்பலில் வேலை செய்தவர். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, வைகாசியில் சோளகக் காற்றுத் தொடங்குகிற நேரம், நீண்ட லீவில் வந்து இறங்கினார். சூட்கேசை விடப் பெரிய காட்போட் பெட்டி ஒன்று கூட வந்தது. ஜப்பானில் வாங்கினது என்றார். எனக்குத்தான் என்று நினைத்தேன். நினைப்பதற்குக் காரணம் இருந்தது. அந்த இரண்டு வீட்டிலும் பிள்ளை என்று நான் மட்டும்தான்.

பெட்டிக்குள் வெள்ளைப் படகு. நிமிர்த்தி வைத்தால் பாய்மரம் என் நெற்றிக்கு வரும். அடியில் ஈயக்குண்டு. பாய் இரண்டும் புதுப் பொலித்தீன் மாதிரிச் சரசரத்தன. கூடவே படகைத் தூரத்திலிருந்து ஓட்டுகிற ஒரு சாம்பல் நிறப் பெட்டி, இரண்டு தடிகளும் இழுத்து நீட்டுகிற ஏரியலும் உள்ளது. மூடியைத் திறந்தால் பசையும் புதுச் சப்பாத்தும் கலந்த மாதிரி ஒரு மணம். நான் பாயைத் தொட்டேன்.

"கை வைக்காதை" என்றார் சித்தப்பா.

அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு அந்தப் படகில் வெறுப்பு. நீங்கள் இப்போது படகைத் தடவித் தடவிக் கதைக்கிறபோது எனக்கு எரிச்சல் வருவதும் அதனால்தான்.

முதல் நாள் ஊரே குளக்கட்டில் நின்றது. கயிறும் இல்லாமல் ஆளும் இல்லாமல் ஒரு படகு சொன்ன பக்கம் திரும்புகிறது என்றால் சும்மாவா. இரண்டு மூன்று நாளில் ஊர் அலுத்துவிட்டது. அப்பாவுக்கு வெட்கமாகப் போனது. "வயது முப்பதாகுது. பொம்மையோடை விளையாடுறான்" என்று சாப்பிடும்போது சொன்னார். பெரியப்பா முரசுமோட்டையில் பெண் பார்த்து வைத்திருந்தார். "கலியாணத்தைக் கட்டிப்போட்டு எந்தக் குளத்திலயும் நீந்தட்டும்" என்றார்.

சித்தப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் படகை விட்டார். ஒவ்வொரு பின்னேரமும் படகு குளத்தைக் கடந்து அக்கரைக்குப் போய்ப் பழுதானது. ஒரு நாள் பட்டரி, ஒரு நாள் சுக்கான், ஒரு நாள் ஏரியல். உடனே அவர் ஆயுதங்கள் கிடக்கிற பிஸ்கட் டின்னை என் மடியில் வைத்து, என்னைச் சைக்கிளில் ஏற்றி, குளக்கட்டைச் சுற்றி அக்கரைக்குப் போவார். தனியே போனால் கேள்வி வரும், பிள்ளையோடு போனால் வராது. அது எனக்கு அப்போது விளங்கவில்லை. டின் துடையில் குத்தியது மட்டும் விளங்கியது.

அக்கரையில் இருந்தவர்கள் மலைநாட்டு ஆட்கள். தேயிலைத் தோட்டங்களில் அடிபட்டு லொறிகளில் வந்து இறங்கி, காடு வெட்டிக் குடியேறியவர்கள். எங்கள் வயலில் களை பிடுங்குவதும் அறுவடைக்கு வருவதும் அவர்கள்தான். அங்கே தென்னங்கிடுகு வேய்ந்த ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதில் படிப்பித்த ரீச்சரும் அவர்களில் ஒருவர்தான். சித்தப்பாவை விடச் சில வயது குறைவு. நாங்கள் போகும்போது படகைக் கரையில் தூக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தபடி நிற்பார்.

"இன்னைக்கு என்னா கோளாறு?"

"சுக்கான் இறுகிப் போச்சு."

ரீச்சர் சுக்கானை விரலால் தட்டினார். அது இரண்டு பக்கமும் சுகமாக ஆடியது. "நல்லாத்தானே ஆடுது. வேற ஏதாச்சும் யோசிச்சிட்டு வாங்க."

பிறகு என்னைப் பார்த்தார். "நீ யாரு வீட்டுப் புள்ள?"

சொன்னேன்.

"அந்த வீடா. எங்கப்பா வேல முடிச்சுத் தண்ணி கேட்டப்ப தேங்காச் சிரட்டையில ஊத்திக் குடுத்தீங்களே, அந்த வீடு."

எனக்குக் கோபம் வந்தது. எங்களிடம் ஒன்றும் இல்லை என்று சொல்வதாக நினைத்தேன். "எங்கட வீட்டில நிறையக் கோப்பை கிடக்கு" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் ரீச்சர்.

சித்தப்பா டின்னைத் திறந்து தேவையில்லாத ஸ்குறூ ட்றைவரை எடுத்தார். போகும்போது என்னை ஏற்றிக்கொள்ள மறந்து கொஞ்சத் தூரம் சைக்கிளை உருட்டிப் போய்த் திரும்பி வந்தார். எனக்கு ரீச்சரைப் பிடிக்கவில்லை. ரீச்சருக்கு என்னையும் பிடிக்கவில்லை. அதில் எங்களுக்குள் ஒளிவு மறைவு இருக்கவில்லை.

தண்ணி இறங்க இறங்கக் குளத்துக்குள் செத்து நின்ற மரங்களின் கொப்புகள் வெளியே வந்தன. ஒருநாள் காற்று ஒரேயடியாகத் தள்ளியதில் படகு அதில் ஒன்றில் மோதிப் பெரிய பாய் கிழிந்தது. அது உண்மையான பழுது. சித்தப்பாவின் முகம் செத்துவிட்டது. ரீச்சர் பாயைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனார். கிழிசலுக்குப் பின்னால் மெல்லிய துணி ஒன்றை வைத்து, மெசினில் வளைத்து வளைத்துத் தைத்துக்கொண்டு வந்தார். ஒரு தையல் கூடப் பிசகவில்லை. காசா பணமா, ஒரு நன்றியைக் கூட அவர் எதிர்பார்க்கவில்லை. "இனியாவது பாத்து விடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தத் தையலைத்தான் அம்மா கண்டா. அம்மாவும் மெசினில் தைப்பவ. விறாந்தையில் காயப் போட்டிருந்த பாயைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தா.

"ஆரின்ரை தையல் இது?"

"கிழிஞ்சு போச்சு அண்ணி. அக்கரை ரீச்சர்தான் தைச்சுத் தந்தவா."

'தந்தவள்' என்று சொல்லாமல் 'தந்தவா' என்று அவர் மரியாதை கொடுத்தது அம்மாவின் காதில் விழுந்தது. அம்மா பாயைக் கீழே வைக்கவில்லை. அப்படியே வேலியடிக்குப் போய்ப் பெரியப்பாவைக் கூப்பிட்டா. பெரியப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றார். அப்பாவும் வந்தார்.

"ஆரடா அந்த அவா?" என்று கேட்டார் பெரியப்பா.

"ரீச்சர்."

"எங்கட வயலில களை பிடுங்கிறவளின்ரை மகள். தோட்டக்காட்டாள். உனக்கு அவாவோ?"

தோட்டக்காட்டாள் என்ற அந்த இளக்காரச் சொல்லை எங்கள் வீட்டில் உப்பு, தூள் மாதிரி நாளாந்தம் பாவித்தார்கள். அன்றைக்குத்தான் அது ஒரு ஆளின் மேல் விழுவதைப் பார்த்தேன். சித்தப்பா நிலத்தைப் பார்த்தபடி, "ஓம். அவாதான்" என்றார். பெரியப்பாவின் கை போன வேகத்துக்குச் சித்தப்பாவின் மூக்கால் இரத்தம் வந்தது. முப்பது வயது ஆம்பிளைக்கு அடி விழுவதை நான் அதற்கு முதல் காணவில்லை.

அப்பா அடிக்கவில்லை. அப்பாவுக்கு மூளைசாலி என்று பெயர். அவர் படகைத் தூக்கிக்கொண்டு போய் நெல்லு வைக்கிற அறைக்குள் போட்டுப் பூட்டினார். படகு இல்லாவிட்டால் அவன் குளத்துக்குப் போக மாட்டான், குளத்துக்குப் போகாவிட்டால் எல்லாம் சரி என்பது அவருடைய கணக்கு. ஏரியல் பெட்டியைச் சித்தப்பாவிடமே விட்டுவிட்டார். படகில்லாமல் அதை வைத்து என்ன செய்வான்.

படகு அப்போதுதான் குளத்தால் வந்தது. உள்ளே தண்ணி, பட்டரி கழற்றவில்லை, கயிறுகள் இறுக்கியபடி. சித்தப்பா பூட்டிய கதவுக்கு வெளியே நின்று, "அண்ணை, மூடியையாவது திறந்து விடுங்கோ. பட்டரி ஊறினால் எல்லாம் போச்சு" என்று கெஞ்சினார். அப்பா கேட்காதது மாதிரிப் போனார்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் நெல் எடுக்க அம்மா என்னைத்தான் பூட்டுத் திறப்பைத் தந்து அனுப்பினா. உள்ளே இருட்டு, நெல்லுத் தூசி, எலி மணம். மரக் கம்பி போட்ட சின்ன யன்னலுக்கு வெளியே சித்தப்பாவின் முகம்.

"பிள்ளை, பட்டரியைக் கழட்டு."

"நான் மாட்டன். கை வைக்காதை எண்டு சொன்னனீங்கள்."

அவருடைய மூக்கு இன்னும் வீங்கியிருந்தது. "சொன்னனான். இப்ப வை" என்றார்.

நான் உடனே வைக்கவில்லை. கொத்துப் படியால் நெல்லை அளந்து ஓலைப் பெட்டியை நிரப்பினேன். அவரைக் காக்க வைத்தேன். பிறகு மூடியைத் திறந்தேன். பட்டரிகளின் நுனியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. கம்பிகளுக்கு இடையால் அவர் பல் பிறஸைத் தந்தார், தேசிக்காய்ப் பாதியைத் தந்தார், அம்மாவின் வாஸ்லினைத் தந்தார். தேய், துடை, கயிற்றைத் தளர்த்து, பாயைச் சுருட்டு. ஒவ்வொன்றுக்கும் நான் "ஏன்?" என்று கேட்டேன். அவருக்கு மறுமொழி சொல்லாமல் வழி இருக்கவில்லை. உங்களுக்கு மேலே எழுதித் தந்தது எல்லாம் அந்த யன்னலுக்குள்ளால் வந்ததுதான். படகு எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவர் கெஞ்சுவதுதான் பிடித்தது.

பெரியப்பா அந்த ஒரு அடியோடு நிற்கவில்லை. சிறுபோக நெல் வெட்டுத் தொடங்குகிற நேரம். இந்தக் கரையில் காணி உள்ள எல்லாரிடமும் போய், அக்கரையாட்களில் ஒருத்தரையும் வெட்டுக்குக் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு கிழமையில் வயல் முற்றி நெல் கொட்டத் தொடங்கியது. வெளியாட்கள் கிடைக்கவில்லை. அப்பா, அம்மா, நான், சித்தப்பா என்று நாங்களே இறங்கினோம். சித்தப்பாவும் அப்பாவும் ஒரே வயலில், ஒரு கதையும் இல்லாமல், வேறு வேறு வரம்பிலிருந்து வெட்டினார்கள். எனக்கு அரிவாள் பிடிக்கத் தெரியாது. இடது கை மோதிர விரலில் எலும்பு தெரிய வெட்டிக்கொண்டேன். அம்மா சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினா. "அக்கரையில ஆக்கள் சும்மா இருக்கினம்" என்று அம்மா மெல்லச் சொன்னா.

"மானம் போனால் நெல்லை வைச்சு என்ன செய்யிறது" என்றார் அப்பா. அவர் என் விரலைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அந்தக் கிழமைதான் ரீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தனியே, பட்டப்பகலில், பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற சேலையோடு. வேலிப் படலைக்கு வெளியே நின்றார். அப்பா விறாந்தையிலிருந்து எழும்பவில்லை. சித்தப்பா கிணற்றடியில் நின்றார்.

"நான் இந்த வீட்டுக்கு வாழ வரல" என்றார் ரீச்சர். "ஒங்க தம்பிய நீங்களே வச்சிக்கங்க. எங்க சனத்துக்கு வேலையக் குடுங்க. புள்ளைங்க பசியோட பள்ளிக்கூடம் வருதுங்க."

"படலையை விட்டு நட" என்றார் அப்பா.

"நடக்கிறேன். நீங்க பதில் சொல்லுங்க."

அப்பா எழும்பிப் போய்ப் படலையைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டார். ரீச்சர் படலைக்கு மேலால் சித்தப்பாவைப் பார்த்தார். "நீங்களாச்சும் வாயத் தொறங்க."

சித்தப்பா வாளிக் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். ரீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் போனபிறகும் சித்தப்பா அந்தக் கயிற்றை விடவில்லை. இருட்டும் வரை அங்கேயே நின்றார். நான் அவரைக் கோழை என்று நினைத்தேன். இப்போதும் அந்த நேரத்துக்கு அந்தச் சொல்தான் சரி என்று நினைக்கிறேன்.

பிறகு என்னென்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் உங்களுக்குப் பிந்தியது முந்தியது தெரியாமல் போகும். சித்தப்பாவும் ரீச்சரும் வவுனியாவில் எழுதிப் பதிந்து கலியாணம் கட்டினார்கள். படலையடிக்குப் பிறகு எப்படிச் சமாதானமானார்கள் என்பது எனக்குத் தெரியாது. ரீச்சர் உடனே மன்னித்திருக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம். சில வருடத்தில் வெளிநாடு போய்விட்டார்கள். அக்கரையாட்களில் பாதிப் பேர் அந்தப் போகத்தோடு வேலை தேடி வேறு ஊர்களுக்குப் போனார்கள், திரும்பி வரவில்லை. பெரியப்பா சாகும்வரை தம்பியின் பேரை எடுக்கவில்லை. அப்பாவின் செத்த வீட்டுக்குச் சித்தப்பா வந்தார். படலைக்கு வெளியே நின்றார். சொந்தக்காரர் ஒருவரும் உள்ளே வா என்று சொல்லவில்லை. நான்தான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். படகு அந்த நெல்லு அறையில்தான் கிடந்தது. சண்டைக்கு இடம்பெயர்ந்தபோது தூக்க முடிந்ததைத் தூக்கினோம், அது அதில் இல்லை. திரும்பி வந்தபோது அறையும் இல்லை. ரீச்சர் இப்போது மாதத்துக்கு ஒருக்கால் எனக்குப் போன் எடுப்பா. அன்பாகக் கதைப்பா என்று சொல்ல மாட்டேன். என் மகளின் கலியாணத்துக்குச் சாதி கேட்டீர்களா இல்லையா என்றுதான் முதலில் விசாரித்தவ.

பராமரிப்பில் ஒரு விசயத்தை மேலே எழுதாமல் விட்டிருந்தேன். தண்ணியில் விடுவதற்கு முதல் தூரம் பார்க்க வேண்டும். ஒருவர் படகோடு கரையில் நிற்க வேண்டும். மற்றவர் பெட்டியைக் கொண்டு சுக்கானை ஆட்டியபடி நடந்து போக வேண்டும். சுக்கான் எந்த இடத்தில் ஆடாமல் நிற்கிறதோ அதுவரைக்கும்தான் அந்தப் பெட்டியின் கை எட்டும். நின்றவுடன் படகோடு நிற்பவர் கையை உயர்த்திக் காட்டுவார்.

வெட்டு முடிந்த கையோடு பெரியப்பா முடிவு சொன்னார். லீவு போதும், நாளைப் பின்னேரமே கப்பலுக்குத் திரும்ப வேண்டும், புளியங்குளம் வரை அப்பா கூடப் போய்க் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். சித்தப்பா மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "படகைப் பிள்ளைக்குக் குடுத்திட்டுப் போறன். வேலை செய்யுதோ எண்டு ஒருக்கால் பார்க்க விடுங்கோ."

அப்பா யோசித்தார். படகு தண்ணியில் இறங்கக் கூடாது, தானும் கூட வருவேன் என்று சொல்லிச் சம்மதித்தார்.

அடுத்த நாள் காலை வெயில் ஏறுகிற நேரம். குளக்கட்டில் நான் படகை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அப்பா எனக்குப் பக்கத்தில் கல்லில் இருந்து சுருட்டைப் பற்ற வைத்தார். சித்தப்பா பெட்டியின் ஏரியலை முழுதாக இழுத்து நீட்டினார். "சுக்கான் நிண்டால் கையைக் காட்டு, பிள்ளை" என்றார். அப்போதுதான் அவருடைய காலைப் பார்த்தேன். குளக்கட்டுக்கு எப்போதும் செருப்போடு வருபவர், அன்றைக்குப் பயணத்துக்குப் போடுகிற சப்பாத்தும் மேசும் போட்டிருந்தார். சேட்டுப் பையில் தடிப்பாக ஏதோ இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

அவர் நடக்கத் தொடங்கினார். சுக்கான் இடம் வலம், இடம் வலம் என்று ஆடியது. அப்பா குனிந்து பார்த்தார். அவர் அந்தப் படகைக் கிட்ட இருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கெட்டித்தனமான சாமான்தான்" என்றார். "எவ்வளவு தூரம் போனாலும் ஆடுமோ?"

"கனதூரம் ஆடும்."

அப்பாவின் கண் படகை விட்டுப் போகவில்லை. படகு இங்கே இருக்கும்வரை அவன் எங்கே போவான் என்று நினைத்திருப்பார். கட்டு வளைகிற இடத்தில் மருதமரங்கள் நிற்கின்றன. அதற்கு அப்பால் அக்கரைப் பாதை, அங்கேயிருந்து பஸ் றோட்டு. சித்தப்பாவின் வெள்ளைச் சேட்டு மரங்களுக்குள் போய், வெளியே வந்து, மறுபடி மறைந்தது. சுக்கான் ஒருமுறை நடுங்கியது. பிறகு பாதியில் நின்றது. கட்டுப் போட்ட விரலை அதில் வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. நான் கையை உயர்த்தவில்லை.

அப்பா சுருட்டுச் சாம்பலைத் தட்டிவிட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"இன்னும் ஆடுதோ?"

படகை என் பக்கம் கொஞ்சம் திருப்பிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஓமப்பா. ஆடுது."